முதல் அச்சில் அவள் இறங்கிவிடுகிறாள்

1

இந்தக் கதை நான் யோசித்தது அல்ல, தேவாரம் ஊர்க்காரர் சுந்தரலிங்கம் பையில் போட்டுக் கொண்டுவந்தது. உரக்கடைக்காரர்; ஆசிரியர் கையெழுத்துள்ள முதல் அச்சுகளாகத் தேடிச் சேர்ப்பவர். நான் எழுதிய ஒரே நாவலின் இரண்டு பிரதிகளோடு கம்பத்தில் என் வீட்டுக்கு வந்தார். (யாராவது வந்து மாதக்கணக்காகியிருந்தது. இரண்டாவது தம்ளரைத் தேட வேண்டியிருந்தது.)

“சார், ரெண்டுலயும் முதற்பதிப்புன்னே போட்டிருக்காக. எது நெசம்?”

மறு அச்சின்போது பதிப்பு விவரப் பக்கத்தை மாற்ற அச்சகத்தில் மறந்துவிட்டார்கள்.

“கடைசிப் பக்கத்தப் பாருங்க. புருசன விட்டு மதுரை பஸ் ஏறுனவ ஆண்டிபட்டியில எறங்கித் திரும்புனா 2010, முதல் அச்சு. எறங்காமப் போயிட்டா 2014. முடிவ நாந்தான் மாத்துனேன்.”

2

முதல் அச்சில் என் கையெழுத்து இருந்தது: ‘ஹேமாவுக்கு, அன்புடன்.’ தேனியில் பழைய புத்தகக் கடையில் கிடைத்ததாம்.

ஹேமாவதி ஒரு அழகான

(வேண்டாம். மூன்றாவது முறையாக இதையே தொடங்குகிறேன்.)

ஹேமாவதி என் மனைவியாக இருந்தாள். 2012இல் கடமலைக்குண்டுக்கு, பிறந்த வீட்டுக்குப் போனாள். புத்தகமும் கூடவே போனது.

“யாரு சார் ஹேமா?”

“பழைய வாசகி.”

“பேரு இருந்தா மவுசு கூடத்தான். அழிச்சுறாதீக.”

3

மனைவி எடைக்குப் போட்டாள், கணவன் அழுதான் என்று இங்கேயே முடித்திருக்கலாம். சுயஇரக்கத்துக்கு வசதியான முடிவு. ஆனால் சுந்தரலிங்கம் போன பிறகு ஒன்று உறைத்தது.

2015, விவாகரத்துத் தீர்ப்பு நாள். நீதிமன்ற வாசலில் ஹேமா சொன்னாள்: “அவள எறங்க விடாம மதுரைக்கே அனுப்பிட்டீகளே, அதுதான் சரி.” தலையாட்டினேன். மாறிய முடிவு இவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கத் தோன்றவில்லை.

நான் கொடுத்த பிரதியில் நாயகி இறங்கிவிடுகிறாளே! அப்படியென்றால் என்னை விட்டுப் போன பிறகு, ஹேமா மறு அச்சைத் தேடிப் படித்திருக்கிறாள். என் கையெழுத்தைத் தள்ளிவிட்டு, கதையை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

என்னை யாரும் படிப்பதில்லை என்று புலம்பித் திரிந்த வருடங்களில்கூட எனக்கு இவ்வளவு தனிமை இருந்ததில்லை.

4

முடிவு (அ): போன் செய்கிறேன், எடுக்கிறாள். நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

முடிவு (ஆ): செய்யவில்லை. நம்புவீர்கள். அதனாலேயே எனக்குப் பிடிக்கவில்லை.

அவள் எண் மாறவில்லை. என் பெயரைப் பார்த்தால் எடுக்க மாட்டாள். உங்கள் எண் என்றால் எடுப்பாள். நீங்களே கூப்பிடுங்களேன். பிறகு என்ன பேசுவது என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். சொல்ல இருந்ததையெல்லாம் அந்த நாவலில் எழுதிவிட்டேன். அவள் படித்தும்விட்டாள், திரும்பி வரவில்லை.