வாரம் ஒன்று

ஒயரிங் வேலைக்காரர்களுக்குள் அவனுக்கு 'டேப்பண்ணன்' என்று பெயர். ஒரு சுற்று போதுமென்ற இடத்தில் மூன்று சுற்று டேப் சுற்றுவான். "கட்டடம் விழுந்தாலும் அண்ணன் போட்ட ஜாயின்ட் விழாது" என்று கூட வேலை செய்கிறவர்கள் கிண்டலடிப்பார்கள். அவனுக்கு அது பாராட்டாகத்தான் கேட்டது.

மனைவிக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று டாக்டர் சொன்னபோதும் தொழில் புத்திதான் முந்திக்கொண்டது. நரம்பின் மேலுறை அரித்துப்போகும் நோய் என்றார். அரித்துப்போன ஒயரைப் பார்க்காதவனா அவன்? ரத்தத்தில் வைட்டமின் டி குறைவு, ஊசி மருந்தோடு வாரம் ஒரு மாத்திரை போடட்டும் என்றதும், மேலுறைக்கு மருந்து கிடைத்துவிட்டதாக மனதுக்குள் முடிச்சுப் போட்டுவிட்டான். வாரம் ஒன்று எந்த மூலைக்கு? தினமும் ஒன்று கொடுத்தான். நீட்டியதை அவளும் கேள்வி கேட்காமல் விழுங்கினாள்.

சில மாதங்களில் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஓயாத தாகம், வாந்தி. சுவரைப் பிடித்து நடந்தவள் கட்டிலோடு கிடந்தாள். நோய் முற்றுகிறதென்று பயந்து, பாவி மனுஷன், தினம் ஒரு மாத்திரையை இரண்டாக்கினான்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள் டாக்டர் அவனைத் தனியே அழைத்தார். "ரத்தத்துல கால்சியம் தாறுமாறா ஏறியிருக்கு. அந்த மாத்திரைய எப்படிக் கொடுத்தீங்க?"

சொன்னான். டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். "குறைஞ்சத நிரப்பத்தான் அதைக் கொடுத்தேன். நோயக் குணப்படுத்தும்னு நான் சொன்னேனா?"

வேறொருவன் என்றால் கூனிக் குறுகியிருப்பான். இவன் வார்டுக்கு ஓடினான். "எல்லாம் என்னாலதாம்மா! நோய் முத்தல. மாத்திரைதான் உன்னப் படுக்க வச்சிருக்கு. நிறுத்தினா எழுந்துடுவே!"

அவள் வாய் வலிக்கத் திட்டினாள். திட்டிக்கொண்டே சிரித்தாள். நோய் வந்த பிறகு அன்றைக்குத்தான் இருவரும் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

மாத்திரை நின்றது, சலைன் ஏறியது. தாகம் போயிற்று, வாந்தி போயிற்று, சாப்பாடு ருசித்தது. காலுக்கு மட்டும் உயிர் வரவில்லை. நாளைக்கு வரும், நாளைக்கு வரும் என்று அவன் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். கடைசியில் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார் டாக்டர்.

"முதுகுத் தண்டுல புதுசா பாதிப்பு இருக்கு. இது மாத்திரையால வந்ததில்ல, நோய்தான்."

"நல்லாப் பாருங்க சார். நான் ரெண்டு ரெண்டா கொடுத்திருக்கேன் சார்" என்று அவன் கெஞ்சினான்.

"கால் போனதுக்கு நீங்க காரணமில்ல" என்று டாக்டர் தோளைத் தட்டினார். ஆறுதலுக்குச் சொன்ன அந்த வார்த்தைதான் அவனை அடித்துப் போட்டது.

வீட்டுக்கு வந்தபின் அவள் விட்டத்தைப் பார்த்தபடி சொன்னாள்: "உங்க தப்பாவே இருந்திருக்கலாங்க. ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு, அப்புறம் எழுந்து வந்திருப்பேன்."

அவன் வாய்விட்டு அழுதான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதுகில் புண் வராமலிருக்க அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்தான்.