தேவமணி பேரில் யூரியா

விடியுமுன்பே வேப்பனப்பள்ளி சாலை உரக்கிடங்கு திறந்துவிட்டது. நாற்பத்தைந்து கிலோ யூரியா மூட்டைகள் சென்னப்பனின் முதுகேறி, கர்நாடகப் பதிவெண் லாரிக்குள் போயின. கிழிந்த மூட்டைகளைத் தேவமணி கோணி ஊசியால் தைத்தாள். வியர்வையில் கரைந்த உரம் விரல் வெடிப்புகளில் எரிந்தது.

வேலை தொடங்கும்போதே கிடங்கின் கூலியாட்கள் ஐந்து பேரும் மேசைமேல் இருக்கும் சின்ன மெஷினில் கட்டைவிரல் வைத்துவிடுவார்கள். ஓசூர் கம்பெனிகளில் உள்ளதுபோல் வருகைப் பதிவு என்று முதலாளி ஹரீஷ்குமார் சொல்லியிருந்தார். வேலைக்குச் சேர்ந்த அன்றே ஆதார் நகலும் வாங்கிக்கொண்டார். ஓசூரில் வேலை பார்க்கும் மகள் லிபியாவைப் போலத் தானும் ‘பஞ்ச்’ வைக்கிறவள் என்று தேவமணிக்குப் பெருமைகூட உண்டு.

அன்று மதியம், வெளிறிக் கிடந்த தன் அரை ஏக்கர் கேழ்வரகுக்கு ஒரு மூட்டை வாங்கக் கூட்டுறவு சங்கத்துக்குப் போனாள்.

“உங்க பேர்ல இந்த மாச அளவு முடிஞ்சுதும்மா. ஹரீஷ்குமார் கடையில வாங்கிட்டீங்களே” என்றார் எழுத்தர்.

“ஐயோ, நான் ஒரு பிடிகூட வாங்கலீங்க!”

அவர் குரலைத் தாழ்த்தினார். “ஆளுக்கு இவ்ளோதான்னு அளவு இருக்குது. அதனால கண்டவங்க விரல் ரேகைய மெஷின்ல வாங்கி, அவங்க பேர்ல பில் போட்டு, மானிய யூரியாவ பார்டர் தாண்டி பிளைவுட் பேக்டரிக்கு விக்கிறாங்களாம். பில்லுல இருக்கற பேருக்குத்தான் மொதல்ல நோட்டீஸ் வரும்.”

மறுநாள் கருக்கலில் கிடங்கு வாசலில் நின்று, மற்ற நால்வரிடமும் அதைச் சொன்னாள். சென்னப்பன் சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தான்.

“நேத்து வந்துச்சுக்கா. பி.எஃப். கடுதாசின்னு நெனச்சேன்.”

கைபேசி வெளிச்சத்தில் தேவமணி படித்தாள். யூரியா வாங்கியது பற்றி விசாரிக்கக் கிருஷ்ணகிரி வேளாண் அலுவலகத்துக்கு வரச் சொல்லியிருந்தது.

“லாரி நிக்குது. வந்து விரல வைங்க” என்றார் ஹரீஷ்குமார்.

“எங்க பேர்ல யூரியா எதுக்குங்க?”

“அளவு போட்டது கவர்மெண்டு, நானா? வைம்மா. விரல் தேஞ்சா போயிடும்?”

“தேஞ்சுதாங்க போச்சு. உங்க மூட்டையிலதான்.”

கூட வேலை செய்யும் சரசம்மா களுக்கென்று சிரித்துவிட்டாள். முதலாளி சிரிக்கவில்லை.

“மெஷின் என் பேரச் சொல்லாது தேவமணி. உன் பேரத்தான் சொல்லும். வெளிய போனீங்கன்னா இந்த ரோட்டுல ஒருத்தனும் வேலை குடுக்க மாட்டான். பாத்துக்க.”

தேவமணி கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள். பக்கத்தில் சென்னப்பனும் மடக்கினான். பிறகு சரசம்மா. பிறகு மற்ற இருவரும்.

“சென்னப்பன் தனியா போவ மாட்டானுங்க” என்றாள் தேவமணி. “அஞ்சு பேருமே கிருஷ்ணகிரி போறோம்.”

வெளியே வந்து, கிடங்கையடுத்த பஸ் நிறுத்தத்தில் நின்றார்கள். லாரி வெறும் வயிற்றோடு நின்றது. உள்ளே முதலாளி யாரிடமோ போனில் கன்னடத்தில் கத்துவது கேட்டது. சற்றைக்கெல்லாம் விளக்குப் போடாத ஜீப் ஒன்று மெல்ல வந்து, நிறுத்தத்துக்கு எதிரே நின்றது. யாரும் இறங்கவில்லை.

சரசம்மா தேவமணியின் கையைப் பற்றினாள். இரண்டு கையிலும் ஒரே சொரசொரப்பு.

“ஓடிடலாமாக்கா?”

“பஸ் வரட்டும்” என்றாள் தேவமணி. “அஞ்சு டிக்கெட் எடுக்கணும்.”