இதுல கேம் ஓடாது

1.
இந்தக் கதை கட்டுரையாகப் பிறந்தது. கல்லூரி இதழை நடத்தும் என் அறைத்தோழன் ('தலையங்கம்' என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பான்) ஒரு பக்க நையாண்டி கேட்டான்: ஆளில்லாத ஒரு கம்ப்யூட்டர் ஆபரேட்டிங் சிஸ்டத்தில் கேம்களின் எதிர்காலம். எந்த சிஸ்டம் என்று சொல்லமாட்டேன். சொன்னால் அதைப் பயன்படுத்துகிற நாலு பேரும் தேடி வந்து அதன் அருமையை விளக்குவார்கள்.

முதல் வரி: 'அந்த சிஸ்டத்தில் கேம் விளையாடுவது, பூட்டிய கடை வாசலில் வரிசையில் நிற்பது மாதிரி.' நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவது வரியில் என் அக்கா வந்துவிட்டாள். அதோடு சிரிப்பு நின்றுபோனது.

2.
வேறு தொடக்கம்: 'கல்யாணமாகி வேறு ஊர் போன அக்கா —' வேண்டாம். இப்போதே மூக்கைச் சிந்துகிறது.

இன்னொன்று: 'மாமா நல்லவர்தான், ஆனால் —' இந்த ஆனாலைத் தாண்ட முடியவில்லை.

நேராகச் சொல்கிறேன். அக்காவின் கைபேசி மாமாவின் சட்டைப் பையில் இருக்கிறது. அவர் பக்கத்தில் இருக்கும்போது, ஸ்பீக்கரில், அவள் பேசலாம். மெயிலையும் அவரே திறப்பார். பாடப்புத்தகங்களுக்குப் பக்கம் அமைக்கிற வேலையை அவள் வீட்டிலிருந்து செய்கிறாள். அதற்காக ஒரு பழைய கம்ப்யூட்டர். அதில் அந்த சிஸ்டம். வருகிறவர்களிடம் மாமா தட்டிக் காட்டுவார்: "வேலைக்குன்னே வாங்கினது. இதுல கேம் ஓடாது."

ஓடும். ஒரே ஒரு கேம்.

3.
அது ஒரு தீவு. வீடு கட்டலாம், மீன் பிடிக்கலாம். யாரையும் சுட முடியாது என்பதால் கூட்டம் இல்லை. டைப் அடிப்பது திரையில் நம் உருவத்தின் தலைக்கு மேல் எழும்பிக் கரைந்துபோகும், எங்கும் பதியாது. தீவில் அக்கா கட்டிய வீட்டின் ஜன்னலில் விளக்கு எரிந்தால் மாமா வெளியே போயிருக்கிறார். அணைந்தால் நான் வாயைப் பொத்திக்கொண்டு மீன் பிடிக்க வேண்டும்.

"சாப்பிட்டியாடா எருமை?" (அவளுக்கு நான் பிறந்ததிலிருந்து எருமைதான். வேறு பெயரால் கூப்பிட்டதே இல்லை.)

"ஆச்சு. கை எப்படி இருக்கு?"

"எந்தக் கை?"

"கதவுல நசுங்கிடுச்சுன்னியே."

"ஓ. அந்தக் கதவா."

விளக்கு அணைந்தது.

(அடிக்குறிப்பு: இந்த உரையாடலை நகைச்சுவையாக்கப் பார்த்தேன். எருமைக்கு மேல் நகரவில்லை.)

4.
அப்புறம் கேம் நிறுவனம் அறிவித்தது: அந்த சிஸ்டத்தில் விளையாட ஆளில்லை, இப்படியே போனால் அதற்கு மட்டும் நிறுத்திவிடுவோம்.

"ஆள்தானே வேணும்?" என்றான் தலையங்கம். "விடுதி முழுக்க ஆள்தான்டா."

விடுதி லேப்டாப்களில் எல்லாம் அந்த சிஸ்டத்தை ஏற்றினோம். பையன்கள் கேமைத் திறந்தார்கள். திறந்துவைத்துவிட்டுப் பந்தடிக்கப் போனார்கள். திறந்திருந்தால் கணக்கில் வருமே என்பது எங்கள் மேதைமை. அக்காவின் கடற்கரை நெடுக, ஒரே மாதிரி சட்டையில், அசையாத கூட்டம்.

"யாருடா இவங்க? எழவு வீட்டுக்கு வந்த மாதிரி நிக்கிறாங்க."

"உன் ரசிகர்கள்க்கா."

'அவள் வாய்விட்டுச் சிரித்தாள்' என்று எழுதி அடித்துவிட்டேன். பார்க்கவில்லையே.

5.
நிறுவனம் ஏமாளி இல்லை. மூச்சுகூட விடாமல் நிற்பவர்கள் மனிதர்கள்தானா என்று அதற்குச் சந்தேகம் வந்தது. கேம் திரையில் ஓர் அறிவிப்பு: அந்த சிஸ்டத்தில் விளையாடும் எல்லோருடைய கைபேசிக்கும் நாளை காலை ஓர் எண் வரும், அதைக் கொடுத்தால்தான் உள்ளே வரலாம்.

கல்யாணத்துக்கு முன்பே அக்கா இந்த கேமில் சேர்ந்துவிட்டாள், தன் கைபேசி எண்ணைக் கொடுத்து.

அந்தக் கைபேசி எந்தப் பையில் இருக்கிறது என்று முன்பே சொல்லிவிட்டேன்.

ஜன்னல் இருட்டாக இருந்தது. விதியை மீறி டைப் அடித்தேன்: "அக்கா, கேம்லேருந்து உன் போன் நம்பரை எடுத்துடு." கரைந்தது. மறுபடி அடித்தேன். கரைந்தது. காலையில் என் கைபேசி ஒலித்தது. அப்படியானால் அவளுடையதும்.

6.
முடிவுகள்.

அ) அந்த நேரம் பார்த்து மாமாவின் சட்டை துவைக்கப் போயிருக்கிறது. கைபேசி அக்கா கையில். (பொய். பையைத் தடவாமல் சட்டை கழற்றுகிற ஆள் இல்லை அவர்.)

ஆ) மாமா செய்தியைப் படிக்கிறார். கேமா? நம் வீட்டிலா? ஏதோ விளம்பரம் என்று அழித்துவிடுகிறார். அவருடைய பெருமையே அவளைக் காப்பாற்றுகிறது. (இதைப் பிடித்துக்கொண்டுதான் அக்கா ஊருக்குப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறேன். ஆம், இதை எழுதுவதும் இங்கேதான். எழுத்து ஆடினால் சாலையைத் திட்டவும்.)

இ) மாமா அந்த எண்ணை —

நிறுத்துகிறேன். மடியில் லேப்டாப், அதில் தீவு. இப்போது ஜன்னலில் விளக்கு எரிகிறது. கதவு திறந்து அக்காவின் உருவம் வெளியே வருகிறது. நேராக நடக்கத் தெரியாமல் சுவரில் முட்டி, திரும்பி, என் முன்னால் வந்து நிற்கிறது. தலைக்கு மேல் ஒரு வரி:

"சாப்பிட்டியா தம்பி? எங்க இருக்கே?"

நான் இன்னும் பதில் அடிக்கவில்லை. என்ன அடிக்கட்டும், நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம். வரி கரைந்துகொண்டிருக்கிறது.