கலோலைனி அத்தை இழுத்துப் பார்த்த குருத்து

"தென்னை வேண்டாம் அத்தை" என்று லோசா சொன்னதும் அத்தை வீட்டு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டு மேசையில் இருபது வாய்களும் அப்படியே நின்றன. அவளுடைய அப்பா, சேம்பிலையில் உப்புக்கறி வைத்து அவித்த பொட்டலத்தைப் பிரிக்காமலே தட்டில் வைத்துவிட்டார். பசிபிக் தீவான தொங்காவை விட்டு நியூசிலாந்துக்கு வந்து எத்தனை வருடமானாலும், தொங்காக்காரர் வீட்டில் அப்பாவின் அக்காவுக்கு மேல் ஆள் கிடையாது. அவள் கேட்டது பன்றியானாலும் பாயானாலும் சிரித்த முகமாகத் தூக்கிக் கொடுத்துவிட வேண்டும். கலோலைனி அத்தை கேட்டதோ வெறும் இரண்டு தென்னம்பிள்ளைகள். புதிதாகக் கட்டும் சர்ச் ஹாலின் வாசலில் பக்கத்துக்கொன்றாக வைக்க. முளைவிட்ட தேங்காயைத் தொட்டியில் வைத்து ஆக்லாந்தில் விற்கிறார்களாம்.

"ஏன் வேண்டாங்கிற?"

"நம்ம ஓமாரு ஊர்க் குளிருக்கு அது தாங்கவே தாங்காது அத்தை. ஆறு வருசமா நர்சரியில பனை விக்கிறேன். சாகப்போற கன்னைத் தெரிஞ்சே நான் யாருக்கும் குடுத்ததில்ல. நம்ம சர்ச்சுக்கா குடுப்பேன்?"

அத்தை தண்ணீர் குடித்தாள். அவசரமே இல்லாமல் குடித்தாள்.

"சரிடி. எது தாங்குமோ நீயே பாத்து வை. பனியில செத்துச்சுன்னா, ஹால் திறக்கிற அன்னிக்கு எல்லார் முன்னாலயும் எந்திரிச்சு, அத்தை பேச்ச மீறினேன், தப்புதான்னு சொல்லணும். சொல்லுவியா?"

"சொல்றேன்."

வீடு வந்து சேரும்வரை அப்பா அவளுக்கு நாலடி முன்னாலேயே நடந்தார்.

மறுநாள் நர்சரியில் முதலாளி இயன், ஆளுயரத்துக்கு நின்ற பனைகளைக் காட்டி, "இதுல ரெண்டு கொண்டு போ லோசா. பாத்ததும் அத்தை வாயடைச்சுப் போயிடுவாங்க" என்றார். சீன மலைகளில் வளர்கிற, பனி விழுந்தாலும் அசராத சாதிதான். அவளுக்கும் ஆசை இல்லாமலா? ஆனால் ஹால் நிற்பது கடலைப் பார்த்த மேட்டில். அந்த அகல ஓலைகளைத் தெற்குக் கடலின் சூறைக்காற்று ஒரே வருடத்தில் நார்நாராகக் கிழித்துப் போடும். அப்புறம் கந்தல் கட்டிய கம்பங்கள்தான் வாசலில் நிற்கும். லோசா வரிசையின் கடைசிவரை நடந்து, அதே சாதியில் சின்ன, விறைப்பான ஓலை உள்ள இரண்டைப் பொறுக்கினாள். முழங்கால் உயரம்தான். அடியில் தண்ணீர் நிற்காதபடி சரளை போட்டு, நவம்பரில் தன் கையாலேயே நட்டாள்.

சிரிப்பென்றால் சிரிப்பு! "தேங்கா கேட்டா தொடப்பக்கட்டையில்ல நட்டிருக்கா!" என்றாள் பாட்டுக்குழு விகா. அத்தை குனிந்து தண்டின் நாரைத் தடவி, "இதுக்கு முதல்ல ஷேவ் பண்ணி விடுடி" என்றாள். லோசாவும் சேர்ந்து சிரித்தாள். உள்ளுக்குள் பற்றி எரிந்தது.

ஜூலை, அங்கே நடுக்குளிர்காலம்; பனி கொட்டியது. மூன்று நாள் கன்றுகள் இருந்த இடமே தெரியவில்லை. உருகியபோது அடி ஓலைகள் பழுப்பேறித் தொங்கின. ஹால் திறக்க ஒரு மாதம்கூட இல்லை. அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபையே ஹால் வாசலில் கூடிவிட்டது.

"போச்சு" என்றாள் விகா.

"நீ சும்மா இரு" என்ற அத்தை, லோசாவைப் பார்த்தாள். "செத்துச்சா, இல்லையா?"

"நடுக்குருத்தப் பிடிச்சு இழுத்துப் பாக்கணும் அத்தை. உள்ள அழுகியிருந்தா கையோட வந்துரும். பனைக்கு உயிர் அந்த ஒரு இடத்துலதான்."

எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்த சோதனைதான். இன்றைக்கு அவள் கை எழவில்லை. அப்பா வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றார்.

"நகரு" என்றாள் அத்தை. சர்ச்சுக்கு வருவதற்காக உடுப்பின் மேல் இடுப்பில் சுற்றியிருந்த பாயை ஏற்றிக் கட்டிக்கொண்டு ஈரத்தில் மண்டியிட்டாள். இருபத்திரண்டு வருடம் இறைச்சித் தொழிற்சாலையில் ஆட்டுத் தோல் உரித்த கை அது. அந்தப் பிடிக்கு நல்ல குருத்தே பிய்ந்து வந்துவிடும்.

அத்தை இழுத்தாள். வரவில்லை. காலை ஊன்றி மறுபடி இழுத்தாள். கன்றுதான் குலுங்கியது, குருத்து அசையவில்லை. அடுத்ததற்கு நகர்ந்து அதையும் ஒரு கை பார்த்தாள். அதுவும் விட்டுக்கொடுக்கவில்லை.

மூச்சு வாங்க எழுந்து, கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

"எவடி அவ, தொடப்பக்கட்டைன்னு சொன்னவ? வந்து இழுத்துப் பாரு! என் தம்பி மக வச்சதுடி இது!"

ஒருத்தரும் வரவில்லை. அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்து, லோசாவின் பக்கத்தில் நின்றார். அந்த ஒரு நிமிடத்துக்கு என்ன கொடுத்தாலும் தகும் என்று அவளுக்குத் தோன்றியது. பெருமையில் அழுகையே வந்துவிட்டது.

திங்கட்கிழமை அத்தை நர்சரிக்கு வந்தாள். "என் வீட்டுக் கூடத்துல வைக்க ஒண்ணு வேணும்" என்று சொல்லி, மிகப் பெரிய தொட்டியில் கை வைத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, கையை எடுத்துக்கொண்டாள்.

"நீ சொல்லு. எது?"

"சன்னல் எந்தப் பக்கம் அத்தை?"

"தெக்க."

"இந்த நாட்டுல தெக்குப் பக்கம் வெயில் வராது. ஹீட்டர் எங்க இருக்கு?"

அத்தை பள்ளிக்கூடப் பிள்ளைபோல ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். நிழலிலும் வாடாத ஒரு கென்டியாப் பனையை எடுத்துக் கொடுத்தாள் லோசா. அதை நர்சரி வேனின் பின்பக்கம் ஏற்ற அத்தை சம்மதிக்கவில்லை. முன்சீட்டில் உட்கார்ந்து, தொட்டியை மடியில் வாங்கி, இரண்டு பேருக்கும் சேர்த்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். வண்டி ஓட்டிய லோசாவைக் கடைத்தெரு வழியாக மெதுவாகப் போகச் சொன்னாள். சன்னலுக்கு வெளியே ஓலைகள் ஆட, உள்ளே அத்தையின் முகமே தெரியவில்லை. பார்த்தவர்களுக்கெல்லாம் இலைகளுக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் அசைந்தது.