அம்மனுக்கு எடுத்த அளவு

தையல்காரர் தன் வாழ்நாளில் ஒருமுறைகூட அளவு தப்பாக எடுத்ததில்லை. ஜாக்கெட் இறுக்கிப் பிடித்தால் துணி சுருங்கியிருக்கும். தொளதொளவென்று தொங்கினால் போட்டவர் இளைத்திருப்பார். வாடிக்கையாளர்களும் வேறு கடை பக்கத்தில் இல்லாத காரணத்தால் இதை நம்பினார்கள்.

ஒருநாள் பின்தெரு அம்மன் கோயில் பூசாரி கடைக்கு வந்தார். வயதில் சின்னவர், புதிதாக வந்தவர், தந்திர முறைப்படி பூசை செய்கிறவர்.

"அண்ணே, அம்மனுக்குப் பட்டுப் பாவாடை தைக்கணும். நீங்களே வந்து அளவெடுத்துக்கங்க."

கடையில் இருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அந்த அம்மனுக்கு அளவெடுப்பதைப் பற்றி ஒரு கதை உண்டு. எந்தக் காலத்திலோ ஒரு ராஜா அவளுக்குத் தங்கக் கவசம் செய்ய ஆசைப்பட்டு ஒரு தட்டானை அனுப்பினான். கவசம் செய்யச் செய்ய அவள் வளர்ந்துகொண்டே போனாள். கடைசியில் அவள் தலை கூரையை முட்டியது, அண்ணாந்து பார்த்த தட்டானுக்குக் கண் அவிந்துபோனது.

"தட்டான் தங்கத்தைச் சுருட்டியிருப்பான், மாட்டிக்கிட்டதும் அம்மன் மேல பழியைப் போட்டுட்டான்" என்று தையல்காரர் வாய் கிழியப் பேசினார். பெண்கள் பார்த்துக்கொண்டிருந்ததால் இன்னும் கொஞ்சம் கூடவே பேசினார்.

மறுநாள் காலை கருவறைக்குள் நுழைந்ததும் அந்த வீரம் வாசலிலேயே நின்றுவிட்டது. உள்ளே ஒற்றை விளக்கு. அம்மன் காலடியில் முக்கோணத்துக்குள் முக்கோணமாகக் கீறிய செப்புத் தகடு. பூசாரி தன் நெற்றி, தோள், மார்பு, வயிறு என்று ஒவ்வோர் இடமாகத் தொட்டு ஏதோ முணுமுணுத்தார். விரல்களைப் பின்னிப் பிரித்தார். பிறகு நகர்ந்துகொண்டு, "எடுங்கண்ணே" என்றார்.

தையல்காரர் ஓரடி முன்னால் வைத்தார். தட்டானின் கண் நினைவுக்கு வர, தன் கண்களை இறுக மூடிக்கொண்டார். இஞ்ச் டேப்பை அம்மன் இடுப்பைச் சுற்றி எங்கேயோ வீசினார், அது எதன் மேலோ பட்டு வழுக்கி விழுந்தது. "முடிஞ்சுதா?" என்று குரல் கேட்டதும், மனப்பாடமாகத் தெரிந்த ஒரே அளவை ஒப்பித்துவிட்டு வெளியே ஓடிவந்தார். அது கல்யாணத்தின்போது அவருடைய மனைவிக்கு இருந்த இடுப்பளவு.

பாவாடை சாத்தும் நாளன்று கூட்டம் நிறைந்திருந்தது. பூசாரி இழுத்துப் பார்த்தார், சுற்றிப் பார்த்தார். ஒரு சாண் இடைவெளி விழுந்தது.

"அம்மா வளர்ந்துட்டா!" என்று முன்வரிசையில் ஒரு பெண் அலறினாள். கோயிலே கன்னத்தில் போட்டுக்கொண்டது. பூசாரி தையல்காரரைப் பார்த்தார். தையல்காரர் தூணைப் பார்த்தார்.

அதன் பிறகு அவருக்குத் தலைகால் புரியவில்லை. அம்மனை வளரவைத்த கை என்று சொல்லிக் கடையில் கூட்டம் அலைமோதியது. ஜாக்கெட் இறுகி மூச்சுமுட்டியவர்கள் சண்டைக்கு வராமல், "எனக்கும் அருள் வந்துடுச்சு" என்று பூரித்தார்கள். உலகத்தில் எந்தத் தையல்காரனுக்கும் வாய்க்காத பொற்காலம். வர வர அவரே கண்ணாடியில் தன் கையை மரியாதையோடு பார்க்கத் தொடங்கினார்.

பிறகு ஒரு காலையில் கோயில் வாசலில் கொத்தனாரும் சம்மட்டியும் சாரமும் வந்து இறங்கின.

"அம்மா தலை முட்டுறதுக்குள்ள கூரையை இடிச்சு உசத்திக் கட்டணுமாம். கமிட்டியில முடிவு பண்ணிட்டாங்க" என்றார் கொத்தனார்.

தையல்காரர் வீட்டுக்கு ஓடி மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் சிரித்த சிரிப்பில் புரையேறியது.

"அந்த இடுப்பு எனக்கே இப்ப இல்லியேங்க! போங்க, போய்ச் சொல்லிடுங்க. உங்க மானத்துக்குப் பயந்து கோயிலை இடிக்க விட்டுடாதீங்க."

பூசாரி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். திட்டுவார் என்று தையல்காரர் தலை குனிந்திருந்தார்.

"பூசைக்கு முன்னாடி நான் என் உடம்பைத் தொட்டுத் தொட்டு என்ன பண்றேன்னு நினைச்சீங்க? அவளை என் உடம்புலயே உக்கார வைக்கிறேன். எல்லா உடம்பும் அவ உடம்புதான்னு நம்புற பூசை இது. அதனால அண்ணி அளவைச் சொன்னதுல குத்தமில்லண்ணே." பூசாரி சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றார். "பழைய அளவைச் சொன்னீங்களே, அதுதான் குத்தம். வாங்க, இந்தத் தடவை கண்ணைத் தொறந்துக்கிட்டு எடுங்க."

முதலில், கோயிலை இடிப்பதைப் பார்க்கத் திரண்டிருந்த கூட்டத்தின் முன்னால் உண்மையைச் சொல்லவேண்டியிருந்தது. பயத்தில் கண்ணை மூடிக்கொண்டதிலிருந்து தொடங்கிச் சொல்லி முடித்தார். கொத்தனார் தலையில் அடித்துக்கொண்டு சாரத்தைக் கட்டி எடுத்துப் போனார். அருள் பெற்ற ஜாக்கெட்டுகள் எல்லாம் அன்று மாலையே கடைக்குத் திரும்பி வந்து குவிந்தன. அவற்றைப் பிரித்துவிடுவதிலேயே அவர் விரல் தேய்ந்தது.

மறுபடி அளவெடுத்தபோது அவர் அம்மனை முதல்முறையாக நேராகப் பார்த்தார். எண்ணெய் ஏறி வழவழத்த கல் இடுப்பு. அதன்மேல் டேப்பைச் சுற்றினார். எண் தெளிவாகத் தெரிந்தது. கண்ணும் போகவில்லை. மனசு மட்டும் ஏனோ இளகிப்போக, எண்ணை இரண்டு முறை சரிபார்த்துச் சொன்னார். புதுப் பாவாடை கச்சிதமாகப் பொருந்தியது.

சில மாதங்கள் கழித்து அவர் கோயிலில் நின்றபோது, வெளியூரிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்குப் பூக்காரம்மா கதை சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஒரு பயந்தாங்கொள்ளித் தையக்காரன் இருந்தான். அவன் பொய் சொன்னதுல கோவப்பட்டு அம்மா வளர்ந்துக்கிட்டே போனா. அவன் அத்தனை பேர் முன்னாடி ஒத்துக்கிட்டு அழுதான் பாருங்க, அப்பதான் மனசு இறங்கி வளர்றதை நிறுத்தினா."

தையல்காரர் மறுத்துச் சொல்ல வாயெடுத்தார். அழவில்லை என்று வேண்டுமானால் சொல்லலாம். மற்றபடி தன்னைப் பற்றி அவள் சொன்னதில் மறுக்க எதுவும் இல்லாததால், கூட்டத்தோடு கூட்டமாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.