ஏழாம் நம்பர்க் கண்ணாடி

கண்ணாடி மூன்றாவது தடவையாக வெடித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மேபல் கட்டிலில் சாய்ந்தபடி பாணைத் தேத்தண்ணியில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தபோது. சத்தம் ஒன்றும் பெரிதில்லை. நகம் வெட்டுகிற சத்தம் அளவுதான். ஆனால் அந்தச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நாள் முழுக்கக் கிடக்கிறவளுக்கு அது கேட்கும்.

"இஞ்ச வாங்க," என்றாள். "உங்கட ஆள் போயிட்டார்."

பேர்னாட் வாசலில் சவரம் செய்துகொண்டிருந்தார். பாதி முகத்தில் நுரையோடு உள்ளே வந்து பார்த்தார். சுவர் வெடிப்புக்குக் குறுக்கே சீமெந்து வைத்து ஒட்டிய கண்ணாடித் துண்டு, நடுவால் இரண்டாகப் போயிருந்தது. போன தடவை மயிர்க்கோடு மட்டும்தான் விழுந்தது. இந்தத் தடவை இரண்டு பாதிக்கும் நடுவில் அவருடைய நகம் நுழைந்தது. சுண்டுவிரல் நகமில்லை, கட்டைவிரல் நகம்.

"அந்த எஞ்சினியர்ப் பிள்ள எப்ப வாறா?"

"வியாழன்," என்றாள் மேபல்.

"அப்ப காயிறதுக்கு ரெண்டு நாள் இருக்குது," என்று சொல்லிவிட்டு மிச்ச முகத்தைச் சவரம் செய்யப் போனார்.

கொட்டாஞ்சேனையில் அந்த இடத்துக்குத் தோட்டம் என்று பெயர். ஒரு செடி கிடையாது. வரிசையாகப் பதினொரு வீடு, பின்னால் குப்பை மேடு. ஊர்க் குப்பையெல்லாம் கொண்டுவந்து கொட்டிக் கொட்டி வளர்ந்த மேடு அது. கொட்டுவதை நிறுத்திப் பல வருடமாகி, இப்போது புல் முளைத்து, கொக்கு வந்து நிற்கிறது. தெரியாத ஆள் பார்த்தால் அழகான மலை என்பான். மழைக்கு அதன் அடியிலிருந்து கறுப்புத் தண்ணீர் வரும். வெயிலுக்கு மண் சுடும். பேர்னாட்டின் வீடு ஏழாம் நம்பர். எட்டு, ஒன்பது, பத்து என்று போகப் போக மேடு கிட்ட வரும். பதினோராம் வீட்டுக்காரன் சாந்தன், மீன் வியாபாரி, பின் சுவரில் ஆணி அடித்தால் ஆணி மேட்டுக்குள் போகும். அவன் வீடு ஒரே அறை. கட்டில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் இருக்கும். அவனும் பெண்சாதியும் கைக்குழந்தையும் கால்மாட்டால்தான் ஏறிப் படுக்க வேண்டும்.

ஆறு மாதத்துக்கு முன்னால் ஆராய்ச்சிக்காரர் வந்தார்கள். வெளிநாட்டுக் காசு, உள்நாட்டு ஆட்கள். ஒருத்தர் மேட்டில் குழாய் இறக்கிக் காற்றைப் பிடித்தார். ஒருத்தர் கறுப்புத் தண்ணீரைச் சின்னச் சின்னப் போத்தலில் அடைத்தார். ஒரு டாக்டர் எல்லாரையும் குழாயில் ஊதச் சொல்லி நெஞ்சைக் கணக்குப் பார்த்தார். இன்னொரு பெடியன், இந்த இடத்தில் வாழ்வது உங்களுக்குத் திருப்தியா, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் சொல்லுங்கள் என்று கேட்டான். "உனக்கு எத்தன வேணும், எழுதிக்க" என்றார் பேர்னாட். அவன் மூன்று என்று எழுதிக்கொண்டான். பேர்னாட்டுக்கு மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. ஆனால் கோட்டும் பைலுமாக வருகிறவன் போகும்போது எதையாவது எடுத்துக்கொண்டுதான் போவான் என்று அவருக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

கடைசியாக வந்தவள் ஷஹீமா, எஞ்சினியர். பிள்ளைக்கு முப்பது வயது இருக்காது. ஒவ்வொரு வீட்டிலும் பெரிய வெடிப்பாகப் பார்த்து, குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டி, வீட்டு நம்பரையும் திகதியையும் கறுப்புப் பேனையால் அதில் எழுதினாள்.

"சுவர் அசைஞ்சா கண்ணாடி உடையும், அங்கிள். உடைஞ்சா உடனே கோல் பண்ணுங்க. மேடு தள்ளுது எண்டு அர்த்தம்."

"கோல் பண்ணினா?"

"நாங்க ரிப்போர்ட் பண்ணுவம். உங்கள எல்லாம் பாதுகாப்பான இடத்துக்கு மாத்துவாங்க."

பாதுகாப்பான இடம் எது என்று பேர்னாட்டுக்குத் தெரியும். மேபலின் தங்கை மாக்ரெட்டை அப்படித்தான் மாற்றினார்கள். ஒன்பதாம் மாடி. லிப்ட் வேலை செய்கிற நாளில் அதிசயம் என்று ஆட்கள் படம் எடுப்பார்கள். இரண்டு வருடம் மாக்ரெட் தரையை மிதிக்கவில்லை. செத்தபோது பெட்டி படி வளைவில் திரும்பாமல், நிமிர்த்தி வைத்து, உள்ளே அவள் சரிந்து முட்டுகிற சத்தம் கேட்கக் கேட்க, ஒன்பது மாடி இறக்கினார்கள். அதைக் கீழே நின்று பார்த்துவிட்டு வந்த அன்றைக்கு மேபல் சொன்னாள்: "என்னை அப்படி இறக்க வேணாம்." அதற்குப் பிறகு அவளுடைய கால்களும் விட்டுப்போயின.

அதனால் முதல் கண்ணாடி வெடித்தபோது அவர் யோசிக்கவே இல்லை. ஜன்னல் கண்ணாடியில் ஒரு துண்டு வெட்டினார். ஷஹீமா ஏழுக்கு நடுவில் ஒரு கோடு போடுவாள். பழைய பேப்பரில் பத்து ஏழு எழுதிப் பழகி, அதே மாதிரிக் கோடு போட்டார். இரண்டாவதுக்குக் கலியாணப் படத்தின் கண்ணாடி போனது. இப்போது படத்தில் மேபலின் முகத்தில் ஈ உட்காருகிறது. வீட்டில் மிச்சம் இருந்தது திருஇருதய ஆண்டவர் படத்துக் கண்ணாடி ஒன்றுதான். முகம் கழுவி வந்து அதை அண்ணாந்து பார்த்தார்.

"ஆண்டவர்ட படத்தில கை வச்சீங்க எண்டா எழும்பி நடந்து வந்து அடிப்பன்," என்றாள் மேபல்.

"அப்படியாவது நடவன்."

அவள் சிரித்தாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கண்ணாடிக் கடைக்குப் போனார்.

ஸவாஹிரின் கடை சந்தியில். ஆள் குனிந்து ஒரு படத்துக்குச் சட்டம் அடித்துக்கொண்டிருந்தான். பேர்னாட்டின் செருப்பைப் பார்த்தானோ சத்தத்தைக் கேட்டானோ, நிமிராமலே சொன்னான்:

"ஒரு இஞ்சுக்கு ஆறு இஞ்சு. எத்தின துண்டு?"

"நான் இன்னும் வாயத் தொறக்கல்ல."

"ஒங்கட தோட்டத்து ஆக்கள் வேற என்னத்துக்கு இங்க வாற? நேத்து நாகேந்திரம் நாலு துண்டு கொண்டு போன. மீன்காரன்ட பொண்டாட்டி கொழந்தயோட வந்தா. நான் வெட்டியே வச்சிட்டன்." மேசைக்குக் கீழேயிருந்து பத்திரிகையில் சுற்றிய கட்டு ஒன்றை எடுத்து வைத்தான். எல்லாம் ஒரே அளவு, சீட்டுக்கட்டு மாதிரி. "அப்பிடி என்ன செய்றீங்க அங்க? எல்லாருமா மீன் தொட்டி கட்டுறீங்களா?"

பேர்னாட் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு நடந்தார். பஸ் ஹோல்ட் வரைக்கும் வந்தவர் அங்கே நின்றுவிட்டார். வெயில் மண்டையில் இறங்கியது. பொய் சொல்வது அவருக்குப் பெரிய காரியமில்லை. தான் ஒருத்தன் பொய் சொன்னால் மற்றப் பத்து வீடும் உண்மை சொல்லும், மேடு உண்மையாகவே கிளம்பினால் அந்தப் பத்தில் ஒன்று காட்டிக் கொடுத்துவிடும் என்று அவர் நம்பியிருந்தார். அந்த நம்பிக்கையில்தான் மேபலை அந்தச் சுவரடியில் கிடத்தியிருந்தார்.

எட்டாம் வீட்டு நாகேந்திரம் வாசலில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டுக் கதவு கொஞ்ச நாளாகச் சாத்துப்படவில்லை. அடிப்பக்கம் சீவியிருந்தது, சீவிய மரம் புதிதாக மஞ்சளாகத் தெரிந்தது.

"உன்ர கண்ணாடி எப்படி?" என்றார் பேர்னாட்.

"ஒரு குறையும் இல்ல. ஏன்?"

"எனக்கு இது மூண்டாவது." கையிலிருந்ததைக் காட்டினார். "உனக்கு எத்தனையாவது?"

நாகேந்திரம் பேப்பரை மடித்தார். இன்னொரு தடவை மடித்தார்.

"அஞ்சு," என்றார். பிறகு, "நவம்பர்ல மகளுக்குக் கலியாணம், பேர்னாட். கார்ட்ல இந்த அட்ரஸ் அடிச்சாச்சு. அது முடியட்டும். அதுக்குப் பிறகு என்னவும் உடையட்டும்."

"அதுவரைக்கும் பொறு எண்டு மேட்டுக்கு யார் சொல்லுறது?"

நாகேந்திரம் மடித்த பேப்பரைத் திரும்ப விரித்தார். பேர்னாட் மேலே கேட்கவில்லை. கேட்க அவருக்கு என்ன யோக்கியதை. வீட்டுக்குப் போய்ச் சீமெந்து குழைத்தார். உடைந்த துண்டுகளை மற்றவற்றோடு பால்மா டின்னில் போட்டபோது கை நின்றது. துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருடம் பாரம் தூக்கும் விஞ்ச் இழுத்த கை. ஒரு தடவை அதன் இரும்புக் கம்பியில் இரண்டு இழை விட்டிருந்தது. அன்றைக்குச் சோதிக்க வருகிறார்கள், கப்பல் நிற்க முடியாது, கிறீஸைப் பூசி மூடு என்றான் மேற்பார்வைக்காரன். பேர்னாட் பூசினார். சோதித்தவர்கள் கையெழுத்து வைத்துவிட்டுப் போனார்கள். மூன்றாம் நாள் கம்பி பாடத் தொடங்கியது. அறுவதற்கு முன்னால் கம்பி பாடும், துறைமுகத்தில் எல்லாருக்கும் தெரியும். பாரத்துக்குக் கீழே நின்ற கூட்டாளி தங்கையாவுக்கும் தெரியும். நிமிர்ந்து பார்க்கத்தான் அவனுக்கு நேரம் இருந்தது.

ஏழு எழுதி, நடுவில் கோடு போட்டார்.

வியாழக்கிழமை ஷஹீமா வந்தாள். போனில் படம் எடுத்தாள். பிறகு குனிந்து கண்ணாடியின் ஓரத்துச் சீமெந்தை விரலால் தடவினாள். செவ்வாய் இரவிலிருந்து மழை, அது காய்ந்திருக்கவில்லை. விரல் நுனியில் சாம்பல் நிறம் ஒட்டியது. அதை அவள் பார்த்தாள். பேர்னாட் அவளைப் பார்த்தார். கேள், கேட்டால் சொல்லிவிடுகிறேன் என்று நினைத்தார். உண்மையாகத்தான் நினைத்தார்.

"மழைக்குச் சுவரெல்லாம் ஈரம், என்ன அங்கிள்," என்றாள் அவள். விரலைப் பாவாடையில் துடைத்தாள். "இதுதான் கடைசி விசிட். சனிக்கிழமை சேர்ச் ஹோல்ல மீட்டிங். ரிப்போர்ட் முடிஞ்சிது. நல்ல செய்தி. கட்டாயம் வாங்க."

ஹோலில் எல்லா வீட்டு ஆட்களும் இருந்தார்கள். ரோல்ஸும் நெஸ்கபேயும் கொடுத்தார்கள். திரையில் தோட்டத்தின் படம், பதினொரு பச்சைப் புள்ளி. காற்றுக்காரர் காற்றைப் பற்றியும் டாக்டர் நெஞ்சைப் பற்றியும் பேசினார்கள். ஆறு மாதத்தில் ஒரு வீட்டுச் சுவரும் அசையவில்லை, மேடு உறுதியாக நிற்கிறது என்றாள் ஷஹீமா. அதனால் யாரும் வீடு விட்டுப் போகத் தேவையில்லை. ஆட்கள் கைதட்டினார்கள். நாகேந்திரமும் தட்டினார். பேர்னாட்டும் தட்டினார், இரண்டு தட்டு.

அதற்குப் பிறகு டை கட்டிய ஒருத்தர் எழும்பினார். மேட்டின் உச்சியை மட்டமாக்கி, துறைமுகத்துக் கொண்டெய்னர்களை அடுக்கப் போகிறார்கள். அடுத்த மாதம் வேலை தொடங்கும். பெடியன்களுக்கு வேலை கிடைக்கும்.

சாந்தனின் பெண்சாதி குழந்தையை ஒரு தோளிலிருந்து மற்றத் தோளுக்கு மாற்றினாள்.

பேர்னாட் எழும்பினார். சட்டைப் பையில், கடதாசியில் சுற்றிய உடைந்த துண்டு ஒன்று இருந்தது. வரும்போது ஏன் எடுத்தார் என்று அவருக்கே தெரியாது.

"மகள், சாமான் ஏத்தின நாப்பதடிப் பெட்டி ஒண்டு என்ன பாரம்?"

"முப்பது டொன் அளவில, அங்கிள்."

"எத்தின பெட்டி வைப்பாங்க? ஒண்டுக்கு மேல ஒண்டு எத்தின?"

"அது எங்கட வேலை இல்ல. அசையுதா எண்டு மட்டும்தான் நாங்க பாத்தது." அவள் கண் லப்டொப்பில் இருந்தது. "அசையல்ல."

பேர்னாட் பைக்குள் கை விட்டார். விரலில் விளிம்பு பட்டது. திரும்பிப் பார்த்தார். தோட்டத்து ஆட்கள் எல்லாரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாகேந்திரம் தலையை மெல்ல, ஒரே ஒரு தடவை, வேண்டாம் என்று அசைத்தார். மேபல் நிமிர்ந்து நிற்கும் பெட்டிக்குள் சரிந்து முட்டும் சத்தம் அவர் காதுக்குள் கேட்டது.

"ஒண்டும் இல்ல," என்று உட்கார்ந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தபோது நாலு மணி. மேபல் ரேடியோவை நிறுத்தினாள்.

"என்னவாம்?"

"ஒண்டும் அசையல்லயாம். மேல கொண்டெய்னர் அடுக்கப் போறாங்களாம்."

மேபல் திரும்பிச் சுவரைப் பார்த்தாள். புதுக் கண்ணாடி முழுதாக இருந்தது, ஏழுக்கு நடுவில் கோடு நேராக இருந்தது.

"கட்டில அங்கால இழுங்க," என்றாள்.

அவள் படுத்திருக்கவே இழுத்தார். இரும்புக் கால்கள் சீமெந்துத் தரையில் கிரீச்சிட்டன. எதிர்ச் சுவரோடு ஒட்டி நிறுத்திவிட்டு, இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கினார். சத்தம் நிற்கவில்லை. தன் கைதான் இன்னும் கட்டிலில் இருக்கிறதோ என்று குனிந்து பார்த்தார். பக்கத்து வீட்டில், நாகேந்திரத்தின் அறையில், எதையோ தரையோடு இழுத்துக்கொண்டிருந்தார்கள். அது நின்றதும் ஒன்பதாம் வீட்டில் தொடங்கியது.

ஷஹீமா தந்த நம்பர் எழுதிய கடதாசி அலுமாரிக் கதவில் செருகியிருந்தது. பேர்னாட் அதை எடுத்தார். மற்றக் கையில் போனை எடுத்தார்.

"யாருக்கு?" என்றாள் மேபல்.

அவர் கையைக் காட்டி அவளை அமர்த்தினார். பத்தாம் வீடு. மரக்கால் கட்டில் போலிருந்தது, சத்தம் கனமாக, விட்டு விட்டு வந்தது. இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு தூரத்தில், மேட்டின் அடியில், பதினோராம் வீட்டில், சாந்தனின் ஒற்றை அறையில், ஒரு கிரீச். ஒரு சாண் தூரம்கூட இருக்காது. சுவரில் இடித்து நின்றது. கொஞ்சம் பொறுத்து, மற்றப் பக்கம் இழுத்துப் பார்த்தார்கள் போல, இன்னொரு கிரீச். அதுவும் இடித்து நின்றது.