பல்கலைக்கழகத்தின் தங்கம்

ராபர்ட்சன்பேட்டை கம்ப்யூட்டர் சென்டரில் அந்தச் சனிக்கிழமை காலை இருந்தவர்கள் மூன்றே பேர். திரைக்கு முன்னால் சென்டரை நடத்தும் பாக்கியவதி. அவள் வலப்பக்கம் இரும்பு ஸ்டூலில் நிக்கோல். பிரிண்டரை ஒட்டிய பிளாஸ்டிக் நாற்காலியில் நிக்கோலின் அப்பா சிரில். தங்கச் சுரங்கம் மூடும்வரை அதன் மில்லில் தங்கத்தைச் சோதிக்கும் வேலை அவருக்கு, இருபத்திரண்டு வருஷம்.

பேத்தமங்களா ஏரியின் நீர்மட்டம் பற்றி நிக்கோல் எழுதிய ஆய்வுச் சுருக்கத்தைப் பல்கலைக்கழகம் திருப்பி அனுப்பியிருந்தது. எழுத்தில் குறையில்லை, வரைபடம் எங்கள் நிறங்களில் இல்லை என்றது கடிதம். மெரூன், கோல்டு, இரண்டே நிறம். கம்ப்யூட்டரில் நிறத்தைக் குறிக்க ஒவ்வொன்றுக்கும் மூன்று எண்கள். திருத்தியது செவ்வாய்க்கிழமைக்குள் போய்ச் சேராவிட்டால் ஆராய்ச்சி இடம் கைவிட்டுப் போய்விடும்.

"ஆறு வருஷத்துக்கு ஆறு கோடு. ரெண்டு கலர்ல எப்படிக்கா?" என்றாள் நிக்கோல்.

பாக்கியவதி எக்ஸெல்லின் நிறப் பெட்டிகளைத் திறந்தாள். கடிதத்து எண்களைப் போட்டு, மெரூனை ஐந்து படியாக வெளிற வைத்து ஐந்து வருஷத்துக்குக் கொடுத்தாள். ஏரி வற்றிய வருஷத்துக்கு மட்டும் கோல்டு. கண் நேராக அங்கேதான் போய் நின்றது. நிக்கோல் பக்கம் பக்கமாக எழுதியதை அந்த ஒரு கோடு சொல்லிவிட்டது.

"இன்னாம்மா இது, கடுகு அரைச்ச மாதிரி இருக்குது. இதுவா தங்கம்?" என்றார் சிரில்.

"அவங்க குடுத்த நம்பர் அங்கிள்," என்றவள், தாள் வாங்கப் பக்கத்துக் கடைக்குப் போனாள்.

"மாத்துடி. தங்கம் எப்படி இருக்கும்னு எனக்கே லெட்டர் போடுறானுங்களா?"

தங்கம் விஷயத்தில் அப்பா தப்பாகச் சொல்லி நிக்கோல் கேட்டதில்லை. எண்களைக் கூட்டிக்கொண்டே போய், அவர் "ஆங், இப்ப சரி" என்ற இடத்தில் நிறுத்தினாள்.

கடையிலிருந்து திரும்பிய பாக்கியவதி, அச்சாகி வந்த தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். "யாரு கை வெச்சது?"

"நான்தான். தங்கம்னா இதான்," என்றார் சிரில்.

"உங்க மில்லுல தங்கக் கட்டி மேல தர நம்பர் குத்துவீங்கள்ல அங்கிள்? அழகா இல்லன்னு அத மாத்துவீங்களா?"

"வேலை போயிருக்கும்."

"இது அவங்க கட்டி. நம்பர் மாறுனா இவளுக்கு சீட்டு போயிடும்."

சிரில் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்துவிட்டார். "நீ மட்டும் மில்லுல இருந்திருந்தா, எனக்கு ஆபீசரு."

"போங்க அங்கிள்."

பழைய எண்களைப் பாக்கியவதி நினைவிலிருந்தே போட்டாள். ஆனாலும் கடிதத்தோடு இரண்டு முறை ஒப்பிட்ட பிறகுதான் அச்சுக்குக் கொடுத்தாள். அந்த விரல்களையே நிக்கோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தபாலாபீசில் சிரில் உறைக்குப் பசை தடவி, ஓரங்களை நகத்தால் அழுத்தித் தேய்த்தார். நிக்கோல் முகவரியை ஒருமுறை வாசித்துவிட்டு, ஸ்பீட் போஸ்ட் ஜன்னலுக்குள் நீட்டினாள்.